மாடல் 1897 என்றால் 1897-இல் செய்ததா? பழைய பம்ப்-ஆக்‌ஷன் துப்பாக்கியின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி?

பப்ஜி விளையாடியவர்களுக்கு எஸ்1897-ஐ அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பாராசூட்டில் இறங்கி, அவசரமாக ஏதோ ஒரு வீட்டுக்குள் ஓடும்போது தரையில் கிடக்கும் ஷாட்கன் அது. ஒரு தடவை சுட்டதும் முன்பிடியைப் பின்னால் இழுத்து, முன்னால் தள்ள வேண்டும். அந்த 'ச்சக்-ச்சக்' முடிவதற்குள் எதிரில் இருப்பவர் உங்களை லாபிக்கு அனுப்பிவிடுவார்.

அது கேம் கம்பெனியின் கற்பனை இல்லை. அமெரிக்காவின் வின்செஸ்டர் நிறுவனம் செய்த மாடல் 1897 என்ற நிஜத் துப்பாக்கியின் நகல். ஜான் பிரவுனிங் வடிவமைத்தது. 1897-இல் தொடங்கி 1957 வரை, 10 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அவற்றில் நிறைய இன்றும் அமெரிக்க வீடுகளில் இருக்கின்றன. தாத்தா இறந்தபின் அலமாரியைத் திறக்கும் பேரப்பிள்ளைகள் முதலில் கேட்பது ஒன்றுதான்: இது எந்த வருஷத்துத் துப்பாக்கி?

உடம்பிலேயே 'மாடல் 1897' என்று அடித்திருக்கிறதே, அப்புறம் என்ன என்று தோன்றும். அங்கேதான் பலர் தப்பாகப் போகிறார்கள். அது வடிவத்தின் பெயர், பிறந்த தேதி இல்லை. நம்ம ஊர் அம்பாசடர் காரை யோசித்துப் பாருங்க. வடிவம் 1950-களுடையது, ஆனால் வண்டி 2014 வரை வந்தது. அதே மாதிரி, 1897 மாடலில் ஒரு துப்பாக்கி 1898-இல் செய்ததாகவும் இருக்கலாம், 1955-இல் செய்ததாகவும் இருக்கலாம். வயது தெரிய வேண்டுமென்றால் பெயரை விட்டுவிட்டு உடம்பைப் படிக்க வேண்டும்.

இது பழம்பொருள் பிரியர்களின் பொழுதுபோக்கு மட்டும்தானே என்று கேட்கலாம். இல்லை. வயது தெரியாமல் தப்பான தோட்டாவைப் போட்டால், ஆபத்து சுடுபவரின் கைக்கும் கண்ணுக்கும்தான். அதற்கு வருகிறேன். முதலில் அடிப்படை.

பம்ப்-ஆக்‌ஷன் என்றால் என்ன?

ஷாட்கன் தோட்டாவுக்குள் ஒரே குண்டு இருக்காது. பெரும்பாலும் நிறைய ஈயச் சிறு குண்டுகள் இருக்கும். பேரலுக்குக் கீழே இன்னொரு குழாய் ஓடும். அதுதான் மேகசின், தோட்டாக்கள் அதில் வரிசையாகப் படுத்திருக்கும். முன்கையில் இருக்கும் மரப்பிடியைப் பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழும். முன்னால் தள்ளினால் புதுத் தோட்டா உள்ளே ஏறும். அவ்வளவுதான். காஷ்மீர் செய்திகளில் 'பெல்லட் கன்' என்று படித்திருப்பீங்களே, அதுவும் 12 போர் பம்ப்-ஆக்‌ஷன்தான்.

'12 போர்' என்பது பழைய கணக்கு. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாகச் செய்தால், ஒரு உருண்டையின் விட்டம் எவ்வளவோ அதுதான் பேரலின் உள்விட்டம். ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். அப்படியென்றால் 16 போர், 20 போர் எல்லாம் இதைவிடச் சின்னவை. எண் கூடினால் துளை குறையும்.

துப்பாக்கியை எடுத்ததும் எண்ணைத் தேடக் கூடாது. தோட்டா இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பம்ப்-ஆக்‌ஷனில் இதை இரண்டு இடத்தில் பார்க்கணும்: பேரலின் பின்முனையில் இருக்கும் சேம்பர், கீழே இருக்கும் மேகசின் குழாய். ஸ்பிரிங் துருப்பிடித்த பழைய குழாய்க்குள் ஒரு தோட்டா சிக்கிக்கொண்டு, 'காலி' என்று நினைக்க வைக்கும். மாடல் 1897-க்கு இன்னொரு குணம் உண்டு. விசையை அழுத்திப் பிடித்தபடியே முன்பிடியைத் தள்ளினால், பூட்டிய அடுத்த கணமே அது சுட்டுவிடும். பின்னால் வந்த பல துப்பாக்கிகளில் இதைத் தடுக்கும் ஒரு பாகம் சேர்த்தார்கள். இதில் அது கிடையாது. பழக்கமில்லாதவர்கள் திறந்து பார்க்கவே வேண்டாம், தெரிந்த ஆர்மரரிடம் கொடுத்துவிடுவது நல்லது.

தூரத்திலிருந்தே தெரியும் அடையாளங்கள்

எண்ணைப் படிப்பதற்கு முன்பே உருவம் பாதி கதையைச் சொல்லிவிடும். பின்பக்கம் கட்டைவிரலுக்கு எட்டுகிற மாதிரி ஒரு ஹேமர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், மாடல் 1897-ஐ முதலில் சந்தேகிக்கலாம். அதற்கு முந்தைய மாடல் 1893-உம் ஏறக்குறைய இதே முகம்தான். ஆனால் அது கரும்புகை வெடிமருந்துக் காலத்தில் வடிவமைத்தது. புகையில்லா வெடிமருந்து வந்ததும் அது தாங்காது என்று தெரிந்து, வின்செஸ்டரே திரும்பப் பெற்றுக்கொண்டு மாடல் 1897-ஐக் கொடுத்தது. யாராவது 1893 மாடலைக் காட்டினால் பார்த்து ரசிக்கலாம், சுடக் கூடாது.

ஹேமர் வெளியே தெரியாமல், முதுகு வழுவழுவென்று இறங்கினால் அது பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டுக்காரர். வின்செஸ்டர் மாடல் 12, ரெமிங்டன் மாடல் 31, ரெமிங்டன் 870 எல்லாம் இந்த வகை. அடுத்து, சுட்ட கூடு எங்கே வெளியேறுகிறது என்று பாருங்க. வலப்பக்கம் ஜன்னல் இருந்தால் மேலே சொன்ன குடும்பங்கள். பக்கத்தில் ஜன்னலே இல்லாமல் அடிவயிற்றில் இருக்கும் ஒரே திறப்பின் வழியாகத்தான் தோட்டா ஏறுவதும் கூடு விழுவதும் என்றால், ரெமிங்டனின் பழைய மாடல் 10, மாடல் 17, அல்லது இத்தாக்கா 37. இதில் ஒரு சின்ன வியாபாரக் கதை இருக்கிறது. மாடல் 17-இன் அடிப்படை வடிவமும் பிரவுனிங்குடையதுதான். அதன் காப்புரிமைகள் காலாவதியாகும் வரை காத்திருந்து, 1937-இல் இத்தாக்கா தன் 37-ஐ இறக்கியது. அதனால்தான் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன.

எண் எங்கே இருக்கும், என்ன சொல்லும்?

பழைய புல்லட் வாங்கப் போனால் என்ன செய்வீங்க? சேசிஸ் நம்பர், என்ஜின் நம்பர் இரண்டையும் ஆர்சி புத்தகத்தோடு ஒப்பிடுவீங்க இல்லையா? இங்கேயும் அதே வேலைதான்.

மாடல் 1897-ஐத் திருப்பிப் பிடித்தால், விசைக்கு முன்னால் உள்ள இரும்பு உடல்பகுதியின் அடியில், முன்முனையில் தொடர் எண் இருக்கும். அந்த உடல்பகுதியை 'ரிசீவர்' என்பார்கள். 1898 முதல் இந்தத் துப்பாக்கியை இரண்டாகக் கழற்றும் வகையும் வந்தது. பெட்டியில் வைத்து ரயிலில் வேட்டைக்குக் கொண்டுபோக வசதி. அந்த வகையில் பேரல் பக்கத்துப் பாதியிலும் இன்னொரு எண் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் இரண்டு பாதியும் ஒரே நாள் பிறந்த ஜோடி. வேறுவேறாக இருந்தால் எங்கேயோ ஒரு இடத்தில் மறுமணம் நடந்திருக்கிறது.

எண்ணுக்கு முன்னால் 'சி', 'டி', 'இ' என்று ஒரு எழுத்து இருக்கும். அது வருஷத்தைச் சொல்வதில்லை. தொழிற்சாலை வடிவத்தில் செய்த மாற்றங்களைக் குறிக்கிறது. முன்பிடியை இழுக்கும் இரும்புப் பட்டையில் காப்புரிமைத் தேதிகளும் வரிசையாக இருக்கும். அதில் '1890' என்பதைப் பார்த்துவிட்டு, 'எங்க தாத்தா துப்பாக்கிக்கு 130 வயசு' என்று சொல்பவர்கள் ஏராளம். மாடல் 1897-ஐ 1890-இல் எப்படிச் செய்திருக்க முடியும்? காப்புரிமைத் தேதி ஒரு எல்லையைத்தான் காட்டும். வரிசையில் இருக்கும் கடைசித் தேதிக்கு முன் இந்தத் துப்பாக்கி பிறந்திருக்க முடியாது, அவ்வளவே.

பேரலின் பின்முனையில் ஒரு நீள்வட்டத்துக்குள் 'டபிள்யூ', 'பி' என்ற இரண்டு எழுத்துகள் பின்னிக்கொண்டிருந்தால், அது வின்செஸ்டரின் சோதனை முத்திரை. அதிக அழுத்தமுள்ள தோட்டாவைச் சுட்டுப் பார்த்துத் தேறியது என்று அர்த்தம். 1905-இல் தொடங்கிய வழக்கம் இது. பேரல், ரிசீவர் இரண்டிலும் அடிப்பார்கள். பேரலில் முத்திரை இருந்து ரிசீவரில் இல்லை என்றால், 1905-க்கு முந்தைய உடம்பில் பின்னால் வாங்கிய பேரல் ஏறியிருக்கலாம்.

மாடல் 12-க்கு இன்னும் எளிய தடயங்கள் உண்டு. 1912-இல் வந்தபோது அதன் பெயர் 'மாடல் 1912'. 1919-இல் நிறுவனம் பெயரை 'மாடல் 12' என்று சுருக்கியது. பெயரைப் பார்த்தே முதல் உலகப் போருக்கு முந்தையதா பிந்தையதா என்று ஓரளவு சொல்லிவிடலாம். பேரலில் 'நிக்கல் ஸ்டீல்' என்று எழுதியிருந்தால் 1930-களின் தொடக்கத்துக்கு முந்தையது; 'புரூஃப் ஸ்டீல்' என்றால் அதற்குப் பிந்தையது. இரும்பின் பெயரே காலண்டர் ஆகிவிடுகிறது.

எண் கிடைத்ததும், எந்த எண் எந்த வருஷம் என்ற பட்டியலில் தேடுவது அடுத்த வேலை. இங்கேயும் ஒரு சிக்கல். சேகரிப்பாளர் புத்தகங்களில் பல வருஷமாகப் புழங்கும் பட்டியல் ஒன்று. வின்செஸ்டர் தொழிற்சாலையின் பாலிஷ் அறைப் பதிவேடுகளிலிருந்து எடுத்த பட்டியல் இன்னொன்று. சில எண்களுக்கு இரண்டும் வேறுவேறு வருஷம் சொல்லும். வின்செஸ்டரின் பழைய ஏடுகள் வயோமிங் மாநிலத்தின் கோடி நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கட்டணம் கட்டினால் உங்கள் எண்ணுக்கான பதிவைத் தேடிக் கடிதமாகத் தருவார்கள். எல்லா எண்ணுக்கும் ஏடு மிஞ்சவில்லை, ஆனால் மிஞ்சியிருந்தால் இணையப் பட்டியலைவிட அதைத்தான் நம்பணும்.

ஒரு வருஷம் முன்னே பின்னே போனால் என்ன? அமெரிக்காவில் போகும். 1898-ஆம் ஆண்டு முடியும் வரை செய்த துப்பாக்கியை அங்கே மத்தியச் சட்டம் 'பழம்பொருள்' என்கிறது, 1899 முதல் செய்தது 'ஆயுதம்'. ஒரே மாடல், ஒரே இரும்பு, ஒரே ஆபத்து. ஆனால் முதலாவதை விற்க மத்தியச் சட்டப்படி ஆயுத வியாபாரியின் தாள்கள் தேவையில்லை. இரண்டாவதற்கு நிலைமை வேறு. மாநிலச் சட்டங்கள் தனி. மாடல் 1897-இன் முதல் இரண்டு வருஷத் துப்பாக்கிகளுக்காக ஏடுகளைத் தோண்டுவது இதனால்தான்.

நீங்கள் எச்-1பி விசாவில் அமெரிக்காவில் இருந்தால் இதையும் கேட்டுக்கோங்க. குடியேற்ற உரிமையில்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அந்த நாட்டு மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. 'ஹவுஸ் ஓனர் கராஜ்ல ஒரு பழைய துப்பாக்கி இருக்கு, சும்மா வீட்ல மாட்டி வைக்கலாமா' என்று யோசிக்கும் முன் வழக்கறிஞரைக் கேளுங்கள். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு விதி வேறு.

ரெமிங்டனின் ரகசியச் சொல்

ரெமிங்டன் துப்பாக்கிகளுக்கு இதைவிட அழகான வழி ஒன்று இருக்கிறது. 1921 முதல் அந்த நிறுவனம் பேரலின் இடப்பக்கம், ரிசீவரை ஒட்டிய இடத்தில், சின்னச் சின்ன எழுத்துகளை அடித்தது. முதல் எழுத்து மாதம், அடுத்தது வருஷம். மாதத்துக்கான சாவி ஒரு சொல்: 'பிளாக்பவுடர்', அதாவது கரும்புகை வெடிமருந்து. ஆங்கிலத்தில் அதற்கு 11 எழுத்துகள். டிசம்பருக்காகக் கடைசியில் ஒரு 'எக்ஸ்' சேர்த்தால் 12. சொல்லின் இரண்டாவது எழுத்தான 'எல்' இருந்தால் பிப்ரவரி, மூன்றாவதான 'ஏ' மார்ச், ஐந்தாவதான 'கே' மே. கடைசி 'ஆர்' நவம்பர். ஒரு எழுத்தும் இரண்டு முறை வராத 11 எழுத்துச் சொல்லை யார் தேடிக் கண்டுபிடித்தார்களோ, வெடிமருந்துக் கம்பெனிக்கு இதைவிடப் பொருத்தமாக அமையாது.

வருஷ எழுத்துதான் கொஞ்சம் மூளைக்கு வேலை. எழுத்துகள் தீர்ந்ததும் மறுபடி முதலிலிருந்து வருவார்கள். 'ஏ' என்பது 1932-ஐயும் குறிக்கும், 1954-ஐயும் குறிக்கும், 1980-ஐயும் குறிக்கும். எப்படிப் பிரிப்பது? மாடலை வைத்து. கையில் இருப்பது 870 என்றால் 1932 அடிபட்டுப் போகும், ஏனென்றால் 870 சந்தைக்கு வந்ததே 1950-ஐ ஒட்டித்தான். கையில் இருப்பது மாடல் 31 என்றால் 1954 அடிபட்டுப் போகும், அதன் உற்பத்தி 1949-இலேயே நின்றுவிட்டது. 870-இல் 1954-ஆ 1980-ஆ என்ற சந்தேகம் வந்தால் தொடர் எண்ணைப் பாருங்க. 1968-க்குப் பிறகு செய்தவற்றில் எண்ணோடு எழுத்துகளும் ஒட்டியிருக்கும்.

இதில் ஒரு பொறி. இந்த எழுத்து பேரலின் வயதைத்தான் சொல்லும். 870-இல் பேரலைக் கழற்றி வேறு மாட்டுவது இரண்டு நிமிஷ வேலை. வாத்து வேட்டைக்கு ஒன்று, வீட்டுக் காவலுக்கு ஒன்று என்று இரண்டு மூன்று பேரல் வைத்திருப்பார்கள். 1975 பேரல் 1958 உடம்பில் உட்கார்ந்திருப்பது சகஜம்.

எண்ணே இல்லையே?

பயந்துவிடாதீங்க, எண் இல்லாததெல்லாம் கடத்தல் சரக்கு இல்லை. அமெரிக்காவில் தொடர் எண்ணை எல்லாத் துப்பாக்கிக்கும் கட்டாயமாக்கியது 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதற்கு முன் விலை மலிவான ஷாட்கன்கள் பல எண் இல்லாமலேயே கடையில் விற்றன. பிறக்கும்போதே எண் இல்லாததும், இருந்த எண்ணை அரத்தால் தேய்த்ததும் வேறு வேறு. இரண்டாவதில் அந்த இடம் மட்டும் குழிந்தோ, தனியாகப் பளபளத்தோ இருக்கும். அப்படி இருந்தால் வயதாராய்ச்சியை நிறுத்திவிட்டு வழக்கறிஞரைப் பார்க்க வேண்டியதுதான்.

இன்னொரு குழப்பம், கேள்விப்படாத பிராண்டு பெயர். சியர்ஸ் என்ற பெரிய கடை 'ஜே.சி. ஹிக்கின்ஸ்' என்றும், மாண்ட்கமரி வார்டு 'வெஸ்டர்ன் ஃபீல்டு' என்றும் தங்கள் பெயரில் துப்பாக்கி விற்றன. செய்தது வேறு கம்பெனி. சூப்பர்மார்க்கெட் தன் பெயரில் பருப்புப் பாக்கெட் விற்பது மாதிரிதான். ஜே.சி. ஹிக்கின்ஸ் மாடல் 20-இல் '583' என்று தொடங்கும் எண்ணைக் காணலாம். அது தொடர் எண் இல்லை, செய்தவர் ஹை ஸ்டாண்டர்டு நிறுவனம் என்பதற்கான கடையின் குறியீடு.

உள்ளே போகும், அதுதான் ஆபத்து

இப்போது விஷயத்துக்கு வருவோம். ஒரு பழைய 16 போர் மாடல் 1897 கிடைக்கிறது. கடையில் 16 போர் தோட்டா வாங்குகிறோம். போட்டுப் பார்த்தால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது, பூட்டும் விழுகிறது. சரியாகத்தானே இருக்கிறது?

இல்லை. இன்றைக்குக் கடையில் கிடைக்கும் 16 போர் தோட்டாவின் நீளம் பொதுவாக இரண்டே முக்கால் அங்குலம், அதாவது 70 மி.மீ. ஆனால் வின்செஸ்டர் 1930-களின் தொடக்கம் வரை செய்த 16 போர் துப்பாக்கிகளின் சேம்பர் நீளம் 2 9/16 அங்குலம்தான், சுமார் 65 மி.மீ. தொடக்ககால 20 போர் மாடல் 1912-க்கு இன்னும் குறைவு, இரண்டரை அங்குலம். சரி, நீளமான தோட்டா குட்டையான இடத்துக்குள் எப்படிப் போனது?

தோட்டாப் பெட்டியில் போட்டிருக்கும் நீளம், சுட்ட பிறகு இருக்கும் நீளம். சுடுவதற்கு முன் அதன் வாய் பூ மொட்டு மாதிரி உள்ளே மடிந்திருக்கும், அதனால் ஏறக்குறைய 1 செ.மீ. குட்டையாகத் தெரியும். அதனால்தான் உள்ளே போகிறது. சுட்டதும் அந்த மடிப்பு விரிய வேண்டும். விரிய இடமில்லை. சேம்பர் முடிந்து பேரல் குறுகத் தொடங்கும் இடத்தில் போய் அந்த வாய் நெருக்கிக்கொள்கிறது. பின்னால் வரும் ஈயமும் வாயுவும் அந்த இடுக்கின் வழியாகத்தான் வெளியேறணும். அழுத்தம் எகிறும். ஒவ்வொரு முறையும் வெடிக்காது என்பதுதான் இதில் மோசமான பகுதி. பத்து முறை தோளில் பலமாக உதைத்துவிட்டுச் சும்மா இருக்கும், ஆளும் 'பழைய துப்பாக்கி, அப்படித்தான்' என்று பழகிவிடுவார். இரும்பு அதற்குள் களைத்துப்போயிருக்கும்.

பின்னாளில் செய்த மாடல் 12 பேரல்களில் போரும் சேம்பர் நீளமும் சேர்த்தே அடித்திருக்கும். நீளம் அடிக்காத பழைய 16, 20 போர் என்றால், குட்டைச் சேம்பர் என்றே வைத்துக்கொண்டு தொடங்குவது உத்தமம். 12 போர் மாடல் 1897-களில் இந்தப் பிரச்சினை குறைவு, பொதுவாக இரண்டே முக்கால் அங்குலம்தான். ஆனாலும் அளக்காமல் நம்ப வேண்டாம். நடுவில் யாராவது ஆர்மரர் சேம்பரைக் கடைந்து நீட்டியிருக்கலாம், பேரலை மாற்றியிருக்கலாம். அதற்கென்றே அளவுகோல் இருக்கிறது, ஆர்மரர் ஒரு நிமிஷத்தில் அளந்து சொல்லிவிடுவார்.

தோட்டாவின் உள்ளே என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். 1991 முதல் அமெரிக்காவில் வாத்து, நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயக் குண்டு தடை. இரும்புக் குண்டுத் தோட்டாக்கள் பரவின. பழைய பேரல்கள் மென்மையான ஈயத்துக்காகச் செய்தவை. அவற்றின் வாயில் 'ஃபுல்' என்ற இறுக்கமான சோக் இருப்பதும் சகஜம். சோக் என்பது குண்டுகள் சிதறாமல் போக வாய்ப்பகுதியைச் சற்றுக் குறுக்குவது. இரும்புக் குண்டு ஈயம் மாதிரி நசுங்கிக்கொடுக்காது, பேரல்தான் வீங்கும்.

பதுங்குகுழித் துப்பாக்கியும் போலிகளும்

விலை என்று வந்தால் எல்லாரும் தேடுவது ஒன்றைத்தான். முதல் உலகப் போரில் அமெரிக்கப் படை மாடல் 1897-இன் பேரலைக் குட்டையாக்கி, கை சுடாமல் இருக்க மேலே துளையிட்ட தகடு போட்டு, முனையில் பயோனெட் மாட்ட இடமும் வைத்துப் பதுங்குகுழிச் சண்டைக்கு அனுப்பியது. நெருக்கமான இடத்தில் அதன் விளைவைப் பார்த்த ஜெர்மனி, 1918 செப்டம்பரில் இது ஹேக் உடன்படிக்கைக்கு எதிரானது, இந்தத் துப்பாக்கியுடன் பிடிபடும் வீரர்களைக் கொன்றுவிடுவோம் என்று எதிர்ப்புக் கடிதம் அனுப்பியது. விஷவாயு அடித்த நாடே இதைச் சொன்னது ஒரு வேடிக்கை. அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ராபர்ட் லான்சிங் அந்த வாதத்தை நிராகரித்தார்.

இந்தக் கதை இருப்பதால் அந்த வகைக்குச் சந்தையில் தனி மவுசு. மவுசு இருக்கும் இடத்தில் போலியும் இருக்கும். சாதாரண வேட்டைத் துப்பாக்கியின் பேரலை அறுத்து, புதிதாகச் செய்த தகட்டை மாட்டி, 'போரில் இருந்தது' என்று விற்பவர்கள் உண்டு. சீனாவின் நோரின்கோ நிறுவனம் மாடல் 97-இன் முழு நகலையே செய்து விற்றிருக்கிறது. அது சட்டப்படியான சரக்குதான். அதன் முத்திரைகளைத் தேய்த்துவிட்டு விற்கும்போதுதான் ஏமாற்று.

தகட்டின் துளைகளை எண்ணிப் பாருங்கள். முதல் உலகப் போர்க்காலத் தகட்டில் துளைகள் 6 வரிசை, இரண்டாம் போர்க்காலத்தில் 4 வரிசை. அதோடு தொடர் எண் சொல்லும் வருஷம் பொருந்த வேண்டும். 1925-ஆம் ஆண்டு எண்ணுள்ள உடம்பில் 6 வரிசைத் தகடு இருந்தால் கேள்வி கேட்கணும். ராணுவ முத்திரையான எரியும் குண்டுச் சின்னமும் 'யூ.எஸ்.' எழுத்தும் இருக்கிறதா, அந்த எழுத்தின் ஓரங்கள் பழைய எழுத்துகளோடு சேர்ந்து தேய்ந்திருக்கின்றனவா என்றும் பார்க்கணும். நூறு வருஷ இரும்பில் நேற்று அடித்த எழுத்து மட்டும் கூராக நிற்கும். நேர்மாறாக, துப்பாக்கி முழுக்கப் புதுக் கருநீலப் பூச்சில் மின்ன, எழுத்துகள் மட்டும் மழுங்கியிருந்தால் யாரோ தேய்த்து மறுபூச்சு போட்டிருக்கிறார்கள். அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் சேகரிப்பாளர் கொடுக்கும் விலை பாதாளத்துக்குப் போகும்.

இந்தியாவில் இருக்கும் பழைய துப்பாக்கிகள்?

இங்கே குடும்பச் சொத்தாக வரும் ஷாட்கன்கள் பெரும்பாலும் ஒற்றைக் குழல், இரட்டைக் குழல் 12 போர்கள், பம்ப்-ஆக்‌ஷன் குறைவு. ஆனால் சேம்பர் பிரச்சினை அப்படியே பொருந்தும். பழைய பிரிட்டிஷ் இரட்டைக் குழல்களில் பல இரண்டரை அங்குலச் சேம்பர் கொண்டவை. பிரிட்டனில் அரசு அங்கீகரித்த சோதனைக் கூடங்களில் முத்திரை பெறுவது கட்டாயம் என்பதால் ஒரு நன்மை: பேரலைக் கழற்றினால் அடிப்பக்கத்தில் லண்டன் அல்லது பர்மிங்காம் முத்திரையும், பலவற்றில் சேம்பர் நீளமும் இருக்கும். அமெரிக்காவில் அப்படிச் சட்டக் கட்டாயம் இல்லை. வின்செஸ்டரின் நீள்வட்ட முத்திரை அவர்களே தங்களுக்குக் கொடுத்துக்கொண்ட சான்றிதழ்.

சட்டம் இங்கே இன்னும் இறுக்கம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 8-ஆம் பிரிவுப்படி துப்பாக்கியில் இருக்கும் பெயர், எண், அடையாளக் குறி எதையும் அழிப்பதோ மாற்றுவதோ குற்றம். 'துருவை எடுக்கிறேன்' என்று உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பவர்கள் இதை நினைவில் வைக்கணும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை 3-இலிருந்து 2 ஆகக் குறைந்தது. வாரிசாக வந்ததும் அந்த இரண்டில்தான் சேரும்.

உரிமம் வைத்திருந்தவர் இறந்துவிட்டால், அவருடைய உரிமம் தானாகப் பிள்ளைகளுக்கு வராது. பீரோவில் பூட்டி வைத்துவிட்டு, அப்புறம் பார்த்துக்கலாம் என்று விடவும் கூடாது. உரிமத்தைக் கையில் எடுத்து, காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ துப்பாக்கியை ஒப்படைத்து, ரசீது வாங்கிக்கொண்டு, பிறகு உங்கள் பெயரில் உரிமத்துக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலோ மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்திலோ விண்ணப்பிக்க வேண்டும். ஒப்படைக்கும்போது ரசீதில் எழுதும் எண்ணும், உரிமத்தில் உள்ள எண்ணும், இரும்பில் அடித்திருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று அங்கேயே நின்று ஒப்பிட்டுப் பாருங்கள். 'மாடல் 1897' என்பதையே தொடர் எண் என்று நினைத்து எழுதிவிட வாய்ப்பு உண்டு.